காதல் புதினத் தலைவனின் கவர்ச்சி

செல்வமும் செருக்கும் மிக்க தலைவனைக் காதல் புதின வாசகர் விரும்புவது ஏன்? அவனது ஆதிக்கமே கவர்ச்சி என்று நாம் எளிதில் கருதிவிடுகிறோம். 1813ஆம் ஆண்டு வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் ஆங்கிலப் புதினம் வேறு விடை தருகிறது.

அதன் தலைவன் டார்சி, ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருவாய் உடையவன். எலிசபெத்தின் குடும்பத்தைத் தாழ்த்திப் பேசியவாறே அவளிடம் மணம் வேண்டுகிறான், அவள் மறுக்கிறாள். அவன் வற்புறுத்தவில்லை. அவள் சுமத்திய பழிகளுக்குக் கடிதத்தில் விளக்கம் தந்துவிட்டு விலகுகிறான். பின்னர் அவளுடைய தங்கை விக்கம் என்பவனுடன் ஓடிப்போனபோது, விக்கமின் கடன்களைத் தீர்த்து, அவ்விருவரின் திருமணத்திற்கு வழிசெய்கிறான். தன் உதவியை எலிசபெத் அறியாதவாறு மறைக்கவும் முயல்கிறான். மீண்டும் மணம் வேண்டும்போது, அவள் மனம் மாறவில்லையெனில் இனி அதுபற்றிப் பேசுவதில்லை என்கிறான். இம்முறை அவள் இசைகிறாள். அவனது செல்வம் இருமுறையும் ஒன்றே. மாறியது அவன் பண்பே.

ஆகவே, இத்தகைய கதைகளை வகுப்பில் பயிலும்போது, தலைவன் எத்துணை வலியவன் என்று கேட்பதோடு நில்லாமல், ‘வேண்டாம்’ என்று அவள் கூறியபின் அவன் என்ன செய்கிறான் என்றும் கேட்போம். வற்புறுத்தலைக் காதலென்று மயங்காதிருக்க அக்கேள்வி மாணவர்க்குத் துணைபுரியும்.