நாயையும் உடன் அழைத்துச் செல்வோர்க்கு

1904ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் கொழும்புத் துறைமுகத்தில் ஓர் ஆங்கில இளைஞர் வந்திறங்கினார். வயது இருபத்துநான்கு, சிவில் சேவை உத்தியோகம். வோல்தேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகள் அவரோடு வந்தன. சார்ள்ஸ் என்னும் நாயும் வந்தது. அவர் ஏறிய கப்பலில் நாய்களை ஏற்பதில்லையாதலின், அதனை வேறொரு கப்பலில் அனுப்பிக் கொழும்பிலே பெற்றுக்கொண்டார். மறுமாதம் யாழ்ப்பாணத்துக்கு நியமனமானபோது, வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெறாத அக்காலத்தில், நாயும் அவருடன் வன்னிக் காட்டைக் கடந்தது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் என்பாரே அவ்விளைஞர்.

இன்று கடல் கடப்போர் நம்மவர். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வீசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் பல. தளபாடங்களை விற்கிறோம், மிளகாய்த்தூள் இடிப்பித்துப் பொதி கட்டுகிறோம். நாயைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் கடைசி வாரத்திலேதான் எழுகின்றது. 1983 ஆடியில் உடுத்த துணியோடு காங்கேசன்துறைக்குக் கப்பலேறியவர்களை எவரும் குறைகூற முடியாது. மாதக்கணக்கில் ஆயத்தம் செய்து புறப்படுவோரின் நிலை வேறு.

சுவர்க்கத்தின் வாயிலிலும் நாயைக் கைவிட மறுத்த தருமரின் கதையை வகுப்பிலே கூறும்போது மாணவர்கள் மிக உருக்கமாகக் கேட்பர். தருமரிடம் எவரும் குருதிப் பரிசோதனைப் பத்திரம் கேட்கவில்லை என்பது உண்மையே.

அப்பத்திரத்தைக் கேட்பதற்குக் காரணம் விசர்நாய்க்கடி நோய். குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து உயிர் தப்புதல் மிக அரிது. இலங்கையில் 1973இல் மாத்திரம் 377 பேர் இதனால் இறந்தனர். அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தபோதிலும் நோய் முற்றாக ஒழியவில்லை. பிரித்தானியரோ 1902இல் ஒழித்த நோயை, முதலாம் உலகப் போரிலிருந்து மீண்டவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் 1918இல் மறுபடியும் கண்டனர். அதனை அகற்ற 1922 வரை சென்றது. அந்நாட்டில் இறங்கும் நாய்க்கு ஆறுமாதத் தனிச்சிறை நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தமைக்கு இந்த அச்சமே காரணம்.

2012 முதல், விதிகளை ஒழுங்காக நிறைவேற்றிய இலங்கை நாய்க்கு அச்சிறை இல்லை. ஆனால் வரிசை பிசகலாகாது. முதலில் தோலின் கீழ் மைக்குரோசிப் பொருத்த வேண்டும். அதன் பின்னரே விசர்நோய்த் தடுப்பூசி. முந்திப் போட்ட ஊசி கணக்கில் வாராது. ஊசி போட்டு முப்பது நாளாவது சென்றபின் குருதி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். பரிசோதனை திருப்தியாயின், குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும். ஆகவே நான்கு மாதத்துக்குக் குறைந்த காலத்தில் இலண்டன் பயணம் கைகூடாது. பூனைக்கும் இதுவே விதி. நம் நாட்டுக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதார அத்தாட்சியும் தேவை.

கனடா இவ்வளவு கண்டிப்பானதன்று. 2022 செப்டெம்பர் முதல் இலங்கை உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து விற்பனைக்காக நாய் கொண்டுவருவதை அது தடுத்துள்ளது. குடும்பத்தார் தம் சொந்த நாயைத் தடுப்பூசிப் பத்திரத்துடன் கொண்டுசெல்லலாம். அவுஸ்திரேலியாவே கடினமானது. இங்கிருந்து நேரே அனுப்ப இயலாது. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டின் வழியாகச் சென்று, மெல்பேண் நகருக்கண்மையில் மிக்கல்ஹாம் தனிமைப்படுத்தல் நிலையத்திலும் தங்க வேண்டும். 2015இல் திரைப்பட நடிகர் ஜோனி டெப்பின் இரண்டு நாய்கள் அனுமதியின்றி அங்கு கொண்டுவரப்பட்டபோது, அவற்றைத் திருப்பி அனுப்பாவிடின் கொல்ல நேரும் என விவசாய அமைச்சரே எச்சரித்தார். நாய்கள் திரும்பிச் சென்றன. விதிகள் அடிக்கடி மாறுவதால், செல்லும் நாட்டின் அதிகாரிகளிடம் முற்கூட்டியே கேட்டறிதல் நன்று.

கூட்டைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னரே வாங்கி வீட்டில் வைத்துவிடுக. நாய் அதனுள் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடமிருத்தல் வேண்டும். உறக்க மருந்து கொடுத்து ஏற்றுவது ஆபத்து. மூக்குச் சப்பையான சாதிகளுக்கு மூச்சுத் திணறும் என்பதால் அவற்றை ஏற்க மறுக்கும் விமானக் கம்பெனிகளும் உண்டு.

முதுமையுற்ற நாயை நெடும்பயணத்தில் வருத்துவதினும் இங்கேயே அன்புள்ளார் ஒருவரிடம் ஒப்படைப்பது மேல் என்பது நம் கருத்து. கடற்கரை வீதியிலே இறக்கிவிட்டுப் போதல் ஒப்படைத்தல் ஆகாது. புறப்படுவதற்கு ஓரிரு மாதம் முன்னரே புதிய வீட்டில் பழக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கையிற் கொடுக்க வேண்டும். எந்நேரம் சோறுண்ணும், எந்தச் சத்தத்துக்கு அஞ்சும், எந்தப் பெயர் சொன்னால் ஓடி வரும் என்பவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.