மேடை பயம் போக்க கம்ப்யூட்டர் உதவுமா?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கடிதம் டைப் செய்கிறீர்கள், படம் பார்க்கிறீர்கள், மின்கட்டணம் கட்டுகிறீர்கள். நான்கு பேர் முன்னால் எழுந்து நின்று பேசவும் இதை வைத்துப் பழகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தாமதமாகத்தான் தோன்றியது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் வழியில் ஒரு கிராமம் என்னுடையது. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவன். இன்ஜினியரிங் இறுதி ஆண்டில் ப்ராஜெக்ட் பற்றி 10 நிமிடம் பேசச் சொன்னார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சபைக்கு முதுகைக் காட்டி, திரையில் இருந்ததை ஒரே மூச்சில் வாசித்து, 4 நிமிடத்தில் முடித்துவிட்டேன். கோடிங் முழுக்க நான் எழுதியது. பாராட்டு என்னவோ, எனக்குப் பின் நிதானமாகப் பேசிய நண்பனுக்குத்தான் கிடைத்தது.

இது நமக்கு மட்டும் வரும் நோய் அல்ல. இங்கிலாந்தில் பாரிஸ்டர் படிப்பை முடித்து 1891ல் நாடு திரும்பிய காந்திஜி, மும்பையில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். திருவள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்றால், அந்தக் காலத்திலும் இதே கதைதான் போலிருக்கிறது.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அரியலூரில் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செமினார் எடுக்க வேண்டும். தலைப்பு, சாத்தனூர் கல்மரம். பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள இந்த மரம் சுமார் 18 மீட்டர் நீளம் கொண்டது. 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள். இந்தப் பகுதி கடலாக இருந்த காலத்தில் மண்ணில் புதைந்து கல்லாக மாறியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் இதை உலகுக்குத் தெரிவித்தார். எல்லாம் அவளுக்குத் தெரியும். "அன்னிக்கு லீவு போட்டுடறேன்ணா, மார்க் போனா போகட்டும்" என்றாள். நான் விட்ட பாராட்டு நினைவுக்கு வந்தது. புதிதாக வாங்கியிருந்த அவள் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன்.

முதலில் குரல். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சவுண்ட் ரெக்கார்டர் என ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். விண்டோஸ் 10ல் இதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். (எக்ஸ்பி காலத்தில் 60 விநாடிதான் பதியும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.) ரெக்கார்ட் பட்டனில் கிளிக் செய்து பேசுங்கள். ஒன்றுமே பதியவில்லை என்றால் பதற வேண்டாம். செட்டிங்ஸ் சென்று, பிரைவசி பிரிவில் மைக்ரோபோன் அனுமதி ஆன் ஆக உள்ளதா என்று பாருங்கள். பதிந்த பைல்கள் டாகுமெண்ட்ஸ் போல்டரில் இருக்கும்.

தன் குரலை முதன்முதலாகக் கேட்கும் எவருக்கும் எரிச்சல் வரும். மண்டையெலும்பின் வழியாகவும் சேர்த்துக் கேட்டுப் பழகிய குரல், காற்றின் வழியாக மட்டும் வரும்போது மெலிந்து ஒலிக்கிறது. இரண்டு நாளில் பழகிவிடும். "வந்து... வந்து..." என்று தங்கை ஒரு நிமிடத்தில் 11 முறை சொல்லியிருந்தாள். எண்ணியது அவளேதான்.

அடுத்தது வீடியோ. விண்டோஸிலேயே உள்ள கேமரா அப்ளிகேஷனில் வீடியோ ஐகானைத் தேர்ந்தெடுத்து, நின்றுகொண்டு பேசிப் பதிவு செய்திடுங்கள். உண்மையான பலன் இங்கேதான். பேசும்போது கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் ஊருக்கே தெரிகிறது என்று நினைக்கிறோம். அமெரிக்க உளவியல் அறிஞர்கள் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பதற்றம் நாம் நினைக்கும் அளவுக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்கிறது. இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பிய மாணவர்கள், சொல்லாமல் அனுப்பியவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நான் இதைச் சொன்னபோது தங்கை நம்பவில்லை. வீடியோவை ஓடவிட்டேன். "கால் வெடவெடன்னு ஆடிச்சே, இதுல ஒண்ணுமே தெரியலையே" என்றாள். எனக்குக் கிடைக்காமல் போன பாடம் அது.

ஸ்லைட் தயாரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டியதை எல்லாம் ஸ்லைடில் எழுதினால் வாசிக்கத்தான் தோன்றும். படமும் நான்கு சொற்களும் போதும். மற்றதை நோட்ஸ் பகுதியில் எழுதுங்கள். பவர்பாய்ண்ட்டில் பிரசென்டர் வியூ பயன்படுத்தினால் நோட்ஸ் உங்கள் லேப்டாப் திரையில் மட்டும் தெரியும். இதற்கு விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுக்க வேண்டும். டூப்ளிகேட் கொடுத்துவிட்டு, நோட்ஸைச் சபைக்கே காட்டியவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். பவர்பாய்ண்ட் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைட் ஷோ மெனுவில் ரிகர்ஸ் டைமிங்ஸ் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை விநாடி ஆனது என்று கணக்கு வைக்கும். தங்கைக்கு முதல் முறை 5 நிமிடம், நான்காம் முறை 9 நிமிடம் 20 விநாடி. முடித்தவுடன் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்கும். நோ கொடுங்கள். எஸ் கொடுத்தால் மேடையில் ஸ்லைட்கள் தாமாக நகர ஆரம்பித்து மானத்தை வாங்கும்.

ஸ்லைட் ஷோ ஓடும்போது ஆங்கில எழுத்து பி கீயை அழுத்தினால் திரை கறுப்பாகும். மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். பேச்சு தடுமாறினால் இதை அழுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். குறிப்பிட்ட ஸ்லைடுக்குத் தாவ, அதன் எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

செமினார் முடிந்த அன்று மாலை போன் வந்தது. மூன்றாம் ஸ்லைடில் தடுமாறி, பி கீயை அழுத்தி, தண்ணீர் குடித்திருக்கிறாள். கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒருவர், "அது மரம்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். 6 தட்டி என்டர் கொடுத்து, பட்டையின் கோடுகள் தெரியும் படத்துக்குப் போய் விளக்கினாளாம்.

அடுத்த மாதம் இன்னொரு செமினாராம். வரும்போது மைக் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.