பம்பாயில் பிறந்த பாய்மரக் கப்பல்

சனி, ஞாயிறு விடுமுறை வந்தால் இங்கிலாந்து மக்கள் கடற்கரை ஊர்களுக்குப் போவார்கள். வடகிழக்கே ஹார்ட்டில்பூல் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

கப்பலின் பெயர் என்ன தெரியுமா? திருகோணமலை! இலங்கையில் உள்ள அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் 'டிரிங்கோமலி' என்று சொல்வார்கள். கப்பலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் மரச்சிலை இருக்கிறது.

இந்தக் கப்பலைக் கட்டியது நம் பம்பாயில். இன்றைய மும்பைதான் அது.

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நீண்ட போர் நடந்தது. கப்பல் கட்டிக் கட்டி, இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்து போயிற்று. ஆகவே நம் தேக்கின் மேல் கண் வைத்தார்கள். பம்பாயில் வாடியா என்ற பார்சி குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டி வந்தது. அவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். கப்பலின் வரைபடத்தை ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812-இல் நடுக்கடல் சண்டையில் அழிந்தது. மறுபடியும் வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று.

1816-இல் வேலை தொடங்கியது. அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்துச் சடங்கு செய்தார்கள். தலைமைக் கட்டுநர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் மலபார்க் காட்டுத் தேக்கு. 1817 அக்டோபர் 12-ஆம் நாள் கப்பல் தண்ணீரில் இறங்கியது. நீளம் சுமார் 150 அடி.

எங்கள் மையத்துக்கு வரும் தச்சர் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இருநூறு வருசமா தண்ணியில கிடக்குதா? தேக்குன்னா சும்மாவா தம்பி!" என்றார். அவர் சொன்னது சரிதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. எளிதில் உளுத்துப் போகாது. ஓக் மரத்தில் புளிப்புச் சத்து இருப்பதால் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கு அப்படிச் செய்யாது.

கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது 1819-இல். அதற்குள் போரே முடிந்துவிட்டது! அதனால் மேலே கூரை போட்டு மூடி, 1845 வரை சும்மா நிறுத்தி வைத்தார்கள். பிறகுதான் அது கடலோடியது.

உள்ளே போனால் என்ன பார்க்கலாம்? மேல்தளத்தில் மூன்று பாய்மரங்கள், வலைபோலக் கயிறுகள். கீழ்த்தளத்தில் பீரங்கிகள். தலைவருக்குத் தனி அறை. அதற்கும் கீழே மாலுமிகள் இருந்த இடம். அங்கே குனிந்துதான் நடக்க வேண்டும். உத்தரத்தில் தூளி கட்டித் தூங்குவார்கள். ஒருவருக்கு 14 அங்குல இடம். ஒரு முழம்கூட இல்லை! பாதிப் பேர் வேலைக்கு ஏறிப் போகும்போதுதான் கொஞ்சம் புரண்டு படுக்கலாம். சாப்பாடு உப்புக்கண்டமும் கல்போன்ற ரொட்டியும். இதைப் படித்தபோது எனக்குக் கப்பலின் அழகைவிட அந்தத் தூளிகள்தான் மனத்தில் நின்றன.

1897-இல் இதை உடைத்து விற்க இருந்தார்கள். ஒருவர் வாங்கிக் காப்பாற்றி, சிறுவர்களுக்குக் கடற்பயிற்சி தரும் கப்பலாக மாற்றினார். வேறு பெயரும் வைத்தார். 1986 வரை பயிற்சி நடந்தது. 1987-இல் ஹார்ட்டில்பூல் கொண்டு வந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் பழுது பார்த்து, 2001-இல் முடித்தார்கள். இடையில், 1992-இல், பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. பழுது பார்த்த பிறகும் அதன் உடலில் பாதிக்கு மேல் பம்பாயில் வைத்த அதே மரம்தான். பிரிட்டனில் இன்றும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

"வாடியா பேரு இருக்கு. இழைப்புளி பிடிச்சவன் பேரு எங்க?" என்று தச்சர் அண்ணன் கேட்டார். மரம் அறுத்தவர், துளை போட்டவர், ஆணி அடித்தவர் பெயர்களை நான் படித்த பக்கங்களில் காணவில்லை. அவர்கள் வேலை செய்த கப்பல் துறை இன்றும் மும்பையில் இருக்கிறது. இப்போது அது இந்தியக் கடற்படையின் கையில் உள்ளது.