மொத்தக் கணக்கும் துறைவாரிக் கணக்கும்

1973-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்கிலி பல்கலைக் கழகத்தில் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆடவர் 8,442 பேர்; மகளிர் 4,321 பேர். ஆடவருள் நூற்றுக்கு 44 பேருக்கு இடம் கிடைத்தது. மகளிருள் நூற்றுக்கு 35 பேருக்கே கிடைத்தது. இத்துணைப் பெருந்தொகையில் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வாராது. ஆதலின் மகளிருக்கு அநீதி இழைக்கப்பட்டதோ என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

அந்த ஐயத்தை ஆராய்ந்தவர்கள் மூவர். புள்ளியியல் அறிஞர் பீட்டர் பிக்கல், மானிடவியல் அறிஞர் யூஜின் ஹாமல், வில்லியம் ஓகானல் ஆகிய அவர்கள் தம் முடிவுகளை 1975 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். மாணவரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக் கழகம் முழுவதும் கூடியன்று, ஒவ்வொரு துறையும் தனித்தனியே. எனவே கணக்கையும் துறைதுறையாகப் பிரித்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி.

பிரித்தவுடன் காட்சி மாறிற்று. விண்ணப்பங்கள் மிகுந்த ஆறு துறைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'ஏ' துறையில் ஆடவருள் நூற்றுக்கு 62 பேரும் மகளிருள் 82 பேரும் சேர்க்கப்பட்டனர். 'பி' துறையில் 63, 68. 'சி' துறையில் 37, 34. 'எஃப்' துறையிலோ 6, 7. மகளிர் ஒதுக்கப்பட்டதாகத் துறைக் கணக்குக் காட்டவில்லை. 'ஏ' துறையில் அவர்கள் கையே ஓங்கியிருந்தது!

அப்படியானால் மொத்தத்தில் மகளிர் பின்தங்கியது எவ்வாறு? 'ஏ', 'பி' இரண்டும் எளிதில் இடம் கிடைக்கும் துறைகள். ஆறு துறைகளுக்கும் விண்ணப்பித்த 2,691 ஆடவரில் 1,385 பேர் இவ்விரண்டையே நாடினர். மகளிர் 1,835 பேரிலோ இவற்றை நாடியவர் வெறும் 133 பேர். ஏனைய 1,702 பேரும் இடம் அரிதான நான்கு துறைகளின் வாயிலில் நெருக்கிக்கொண்டு நின்றனர். பகுதிகள் சொல்வதற்கு மாறாக முழுமை சொல்லும் இப்புதிரைச் 'சிம்சன் முரண்' என்பர். எட்வர்டு சிம்சன் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். யூல் என்பவர் அதற்கும் முன்பே, 1903-இல் சுட்டிக்காட்டியிருந்தார். சராசரி மதிப்பெண் ஒன்றையே கண்டு ஒரு வகுப்பை மெச்சுவதும் வைவதும் எங்கள் ஆசிரியர் உலகிலும் உள்ள பழக்கந்தான்.

இதனால் அநீதியே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. இரு பாலாரும் தகுதியில் ஒத்தவர் என்று வைத்துக்கொண்டே அம்மூவரும் கணக்கிட்டனர். மேலும், கணிதப் பயிற்சி மிகுதியும் வேண்டிய துறைகளை மகளிர் நாடாமற்போனது ஏன்? பள்ளியும் சமுதாயமும் முன்பே அவர்களை வேறு வழியில் திருப்பிவிட்டன என்பதே கட்டுரையாளர் கருத்து. அதுவே எனக்கும் உடன்பாடு. பல்கலைக் கழக வாயிலுக்கு வருமுன்னரே கதவு சாத்தப்பட்டிருக்கக் கூடும். அக்கதவு சேர்க்கைப் பட்டியலில் தெரியாது.

இவற்றையெல்லாம் நாம் பேச முடிவது துறைவாரி எண்கள் அச்சேறியதால்தான். 44, 35 என்ற இரண்டு எண்களோடு நிறுத்தியிருந்தால், குற்றம் சாட்டுவோரும் மறுப்போரும் வாய்ச்சொல்லாலேயே வழக்காடியிருப்பர். இன்றோ அந்த ஆறு துறைகளின் அட்டவணை, 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளுடனேயே வழங்கப்படுகிறது. வேண்டுவோர் தாமே கூட்டிப் பெருக்கிச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

ஆயினும் அதில் ஒரு திரை உண்டு. துறைகளுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்துகளே இடப்பட்டுள்ளன. பெயரை வெளியிடப் பல்கலைக் கழக விதி இடம் தரவில்லையென்று பெர்க்கிலிப் பேராசிரியர்கள் எழுதிய பாடநூலே கூறுகிறது. விண்ணப்பித்தவரின் பெயரை மறைப்பது முறையே. இடம் கிடைக்காதவரைச் சந்தியில் நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. துறையின் பெயர் அத்தகையதன்று. எந்தத் துறையில் நூற்றுக்கு அறுபது பேருக்கு இடமுண்டு, எதில் ஆறு பேருக்கே உண்டு என்பதை விண்ணப்பம் எழுதுமுன் அறிந்துகொள்ள, அந்த 4,321 மகளிருக்கும் உரிமை இருந்தது.