சொட்டு மருந்து முகாம் ஏன் தை, மாசியிலேயே வருகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மயிலாப்பூரில் பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கைக்குழந்தையுடன் வந்த ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், இந்தப் போலியோ சொட்டு மருந்தை எப்பவும் பொங்கல் கழிஞ்சுதான் கொடுக்கிறாங்க, வெயில் காலத்துல ஏன் கொடுக்கிறதில்லை? அதோட, புள்ளைக்கு ஏற்கனவே மூணு தடவை போட்டாச்சு. மறுபடி மறுபடி எதுக்கு?”

நல்ல கேள்வி. அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். நாடு தழுவிய முகாம் 2021இல் ஜனவரி 31, 2022இல் பிப்ரவரி 27, 2024இல் மார்ச் 3 அன்று நடந்தது. 1995இல் முதன்முதலாகத் தொடங்கியபோதும் டிசம்பர் 9, அடுத்து 1996 ஜனவரி 20 என்றே நாள் குறித்தார்கள். இது அதிகாரிகளின் வசதிக்காகச் செய்ததல்ல. அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில், குழந்தையின் குடலில் இருக்கிறது.

ஊசியாகப் போடும் தடுப்பூசிகள் பலவற்றில் இருப்பது செயலிழந்த கிருமி அல்லது அதன் ஒரு பகுதி. அது தசைக்குள் போய் உடலின் எதிர்ப்புப் படையை எழுப்பிவிடும். வாய்வழிச் சொட்டு மருந்து அப்படியல்ல. அதில் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள போலியோ வைரஸ் இருக்கிறது. அது குடலில் ஒட்டி, பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும். பெருக இடம் கிடைக்காவிட்டால் மருந்து வந்த வழியே வெளியேறிவிடும்.

இடம் ஏன் கிடைக்காமல் போகிறது? போலியோ வைரஸின் உறவுக்காரக் குடல் வைரஸ்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை குழந்தைக்கு வெளியே தெரியும்படி எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் அவை அதிகமாகப் பரவும், கூடவே வயிற்றுப்போக்கும் வரும். ரமளான் கடைசி வாரத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் புதிதாக ஒருவர் கடை விரிக்க வந்தால் என்ன ஆகும்? அந்த நிலைதான் அந்த மாதங்களில் குடலுக்குள் நுழையும் சொட்டு மருந்துக்கும்.

ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியாவில் இதை ஆராய்ந்தார்கள். மழைக்காலத்தில் கொடுத்த சொட்டு மருந்தைவிட, குளிர்ந்த வறண்ட மாதங்களில் கொடுத்தது குழந்தைகளை நன்றாகக் காத்தது தெரியவந்தது. வட இந்தியாவில் குளிர்காலத்துக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அப்போது போலியோ வைரஸின் பரவலும் தணிந்திருக்கும். எதிரி தளர்ந்திருக்கும் நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் அவன் தங்க வீடே இருக்காது. சென்னையில் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை என்றாலும், வடகிழக்குப் பருவமழையின் தேங்கிய நீர் வடிந்து, கத்திரி வெயில் வருவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி தை, மாசிதான்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கு முதலில் பாடம் சொன்ன இடங்களில் ஒன்று நம் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் மூன்று தவணையிலேயே ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு தந்த அதே மருந்து இங்கே அப்படித் தரவில்லை என்பதை 1970களிலேயே எடுத்துக்காட்டினார். மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்குமோ, தாய்ப்பால் அதைத் தடுக்கிறதோ என்றெல்லாம் அப்போது பேசப்பட்டது. தாய்ப்பால் மீது பழி போடுவது நியாயமில்லை என்பதையும் வேலூர் ஆய்வுகளே காட்டின. தீர்வு, தவணைகளைக் கூட்டுவதும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கொடுப்பதும்தான். 1980களின் தொடக்கத்தில் வேலூரில் அவர் செய்து பார்த்த அந்த முறையே பின்னர் நாடு முழுவதும் ‘பல்ஸ் போலியோ’ ஆனது.

இதையெல்லாம் நாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த விளக்கம் உரிய நேரத்தில் நம் மக்களிடம் போய்ச் சேராததால் நம் பிள்ளைகள் கால்களை இழந்தார்கள். 2002இல் இந்தியாவில் 1,600 போலியோ நோயாளிகள் பதிவானார்கள். பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அவர்களில் முஸ்லிம் குழந்தைகளின் எண்ணிக்கை மக்கள்தொகையில் நம் பங்கைவிட வெகு அதிகம். ‘எங்கள் பிள்ளைக்கு ஆறு தடவை, எட்டுத் தடவை கொடுத்தும் கால் போய்விட்டதே, அப்படியானால் இந்த மருந்தில் வேறு ஏதோ இருக்கிறது’ என்று பெற்றோர் நினைத்தார்கள். கருத்தடைக்கான சதி என்ற வதந்தி அந்தச் சந்தேகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

பெற்றோர் கண்ணால் கண்டது பொய்யல்ல. 2006இல் வெளியான ஆய்வின்படி, முதலாம் வகை போலியோவுக்கு எதிராக ஒரு தவணையின் பலன் உத்தரப் பிரதேசத்தில் வெறும் 9 சதவீதம், நாட்டின் மற்ற பகுதிகளில் 21 சதவீதம். நெரிசலும் திறந்த சாக்கடையும் ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள இடத்தில் எட்டுத் தவணை கொடுத்தும் பாதிக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். அவர்கள் கண்டது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. அதை அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லாமல் போனதை நம்மைப் போன்ற ஆலிம்களின் குறை என்றே நாம் கருதுகிறோம். பிறகு உலமாக்களும் அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்களும் களத்தில் இறங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் முகாம் அறிவிப்புகள் வந்தன. மருந்தும் மேம்பட்டது. ஒரே வகைக்கான மருந்து 2005இலும், இரு வகைக்கான மருந்து 2010இலும் வந்தன. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழும் கிடைத்தது.

குடலை முதலில் மருந்து கொடுத்துச் ‘சுத்தம்’ செய்துவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அதையும் வேலூரில் செய்து பார்த்தார்கள். சுமார் 750 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாக்டீரியா குறைந்தது, ஆனால் எதிர்ப்புச் சக்தி கூடவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் அதை எதுவும் செய்யாது. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி யாரும் இதை முயல வேண்டாம்.

இப்போது இதன் மறுபக்கத்துக்கு வருவோம், இதுதான் நம்மைக் கவலைப்படுத்துகிறது. பருவத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டு என்று அரைகுறையாகக் கேட்டவர்கள், ‘வெயில் தணியட்டும்’, ‘மழை விடட்டும்’ என்று எல்லாத் தடுப்பூசிகளையும் தள்ளிப்போடுகிறார்கள். தை, மாசிக் கணக்கு ஊர் முழுக்கக் கூடுதலாகக் கொடுக்கும் முகாமுக்கு மட்டுமே உரியது. ஒரு குழந்தைக்கு உரிய வழக்கமான தவணைகள் பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில். சித்திரையில் பிறந்த குழந்தை தை மாதம்வரை காத்திருந்தால் அந்த எட்டு ஒன்பது மாதமும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். ஊசி வகைகளுக்குக் குடலில் இடம் தேவையில்லை. 2015 நவம்பரிலிருந்து போலியோவுக்கும் ஊசி சேர்க்கப்பட்டது. இப்போது 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடுகிறார்கள். ஏற்கனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு இந்த ஊசி குடலின் எதிர்ப்பையும் கூட்டுகிறது என்பதும் வேலூரில் கண்டறிந்ததுதான்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் எத்தனை பெற்றோர் பின்வாங்கினார்கள் என்பது நினைவிருக்கும். முகாமின் நாளையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. உத்தரப் பிரதேசக் கதை நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

மயிலாப்பூர் சகோதரர் கடைசியாக இன்னொன்றும் கேட்டார்: “முகாம் அன்னைக்குப் புள்ளைக்கு வயித்தால போச்சுன்னா?” இலேசான வயிற்றுப்போக்கு என்றால் அன்றும் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் குழந்தையின் வழக்கமான தவணையாக அது இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல், நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போய், வயிறு சரியில்லாமல் இருந்ததைச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னோம். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, முகாம் எத்தனை மணிவரை என்று கேட்டார்.