உஷார்! வீட்டை எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?

"எல்லாம் அவனுக்குத்தானே, இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் என்ன?" இப்படிச் சொல்லிக்கொண்டே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் பெரியவர்களே, கொஞ்சம் பொறுங்கள்!

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான், அவர்களும் வெளியூரில். பென்ஷன் இல்லாத பெரும்பாலோருக்கு, முதுமையில் இருக்கும் ஒரே பிடிமானம் சொந்த வீடு. அதையும் தாங்களாகவே கைநழுவ விடுகிறார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இனிமையாகத் தொடங்கும். நாலு வரி தள்ளி, இந்தச் சொத்தில் இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை, எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன் என்று இருக்கும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர், பிள்ளை காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறார். பட்டாவும் மாறிவிடும். பிறகு அந்த வீட்டில் அவருக்குச் சட்டப்படி ஒரு மூலைகூடச் சொந்தமில்லை!

உயில் அப்படியல்ல. உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், ரத்து செய்யலாம். முடிந்தவரை உயிலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செட்டில்மென்ட்தான் வேண்டுமென்றால், ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?' என்று கூச்சப்படாதீர்கள். பாசமுள்ள பிள்ளைக்கு அந்த வரி பாரமே இல்லை.

2007-ம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்காதவரிடமிருந்து சொத்தை மீட்க வழி செய்கிறது. ஆனால் பராமரிப்பு நிபந்தனையோடுதான் சொத்து கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோருக்கு இரக்கம் காட்டிய தீர்ப்புகள் பிறகு வந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் எழுபது வயதில் யாரால் கோர்ட் படி ஏற முடியும்?

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறீர்களா? வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். வழி தெரியவில்லை என்றால் 14567-க்கு உடனே போன் போடுங்கள். முதியோருக்கான உதவி எண் அது, கட்டணம் கிடையாது.