கவரைத் திறக்கும் நேரம்

சென்னை கொளத்தூரிலிருந்து நண்பர் அனுப்பிய ஆறு கப்பி மீன்கள் நாகர்கோவிலில் என் வீட்டுக்கு வந்துசேர மூன்று நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமை போட்ட பார்சல், நடுவில் ஞாயிறு வந்ததால், திங்கள் காலைதான் கைக்குக் கிடைத்தது. கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆறும் உயிரோடுதான் இருந்தன, கொஞ்சம் சோர்வாக. கவரைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு, ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பழக்கினேன். மதியத்துக்குள் நான்கு மல்லாந்துவிட்டன. கூரியர்காரரைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது என்று தெரிய ரொம்ப நாளானது.

அடைத்த கவரில் மீனுக்கு மூச்சு முட்டாதா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஒழுங்காகக் கட்டினால் முட்டாது. 25 டிகிரி செல்சியஸில் நம்மைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம் அளவுதான். சிலிண்டரிலிருந்து பிடிக்கும் ஒரு லிட்டர் ஆக்சிஜனோ 1,300 மில்லிகிராம் எடை. அதனால்தான் கவரில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு வாயு. கொளத்தூர் மீன் கடைகளில் நின்று பாருங்கள்: கவரை அமுக்கிப் பழைய காற்றை வெளியேற்றி, குழாயை விட்டு ஊதி, கழுத்தை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்ட் போடுவதற்குள் நாம் பர்ஸைக் கூட எடுத்திருக்க மாட்டோம். தெர்மாகோல் பெட்டியில் கவரைப் படுக்க வைத்தால் தண்ணீர்ப் பரப்பு அகலும். ஆக்சிஜன் வேகமாகக் கரையும். கவரின் அடிமூலைகளை மடக்கிக் கட்டுவதும் காரணமாகத்தான். அந்த இடுக்கில் சிக்கி நசுங்கிச் சாகும் குட்டி மீன்கள் ஏராளம். கோரிடோராஸ் போன்ற முள்ளுள்ள கெளுத்தி வகைகளுக்கு இரண்டு கவருக்கு நடுவே செய்தித்தாளும் வேண்டும்.

ஃபைட்டர் மீனின் கதை தனி. நம் குளத்துப் பனையேறிக் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம் அது. காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு தலையில் இருக்கிறது. ஒரு கவருக்கு ஒரு ஆண்தான். இரண்டைப் போட்டால் வந்து சேர்வது ஒன்றோ, ஒன்றுமில்லாமலோ.

சரி, என் கப்பிகள் ஏன் செத்தன? மீன் தன் கழிவு அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. அனுப்புவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துவது இதைக் குறைக்கத்தான். பட்டினி போட்டாலும் மூன்று நாளில் கவருக்குள் அம்மோனியா சேரத்தான் செய்யும். மீன் விடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரில் கரைந்து, அதைப் புளிப்பாக்கி, பி.எச். அளவைக் கீழே இறக்கும். கேட்க ஆபத்தாகத் தோன்றும் இதுதான் வழியில் மீனைக் காப்பாற்றுகிறது. புளித்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக மாறி நிற்கும். அதில் நஞ்சு மிகக் குறைவு. பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூறில் ஒரு பங்கு கூட நஞ்சாக இருக்காது. 8 ஆகிவிட்டால் அது ஐந்து பங்கைத் தாண்டும்.

கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடுகிறது. பி.எச். ஏறுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகிச் செவுளைத் தாக்குகிறது. எங்கள் ஊர்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நான் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தியிருக்கிறேன். பக்கத்துக் கடையில் வாங்கி அரைமணியில் வீடு வரும் மீனுக்குச் சொட்டு முறை பொருந்தும். நாட்கணக்கில் பயணித்த மீனுக்கு அது மெதுவாகக் கொல்லும் முறை.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் ஆப்பிரிக்கக் கில்லி மீன்களில் நோத்தோபிராங்கியஸ் வகைக்குப் போய்விடுகிறார்கள். மழைக் குட்டைகளில் வாழும் அவை, குட்டை வற்றுவதற்கு முன் சேற்றில் முட்டையிட்டுச் சாகும். முட்டைகள் மாதக்கணக்கில் ஈர மண்ணில் உறங்கும். ஈரக் கரிமண்ணோடு சின்னப் பையில் முட்டைகளை அடைத்துத் தபாலில் அனுப்பிவிடலாம். பெற்றவர் தண்ணீர் ஊற்றினால் குஞ்சு வெளிவரும்.

மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான். நாள் கடந்து வந்த கவரை மூடியபடியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். திறந்த கையோடு தண்ணீரை வலைவழியே வாளியில் கொட்டி, மீனை மட்டும் தொட்டியில் விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று தீனி வேண்டாம். வாளித் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றலாம், அம்மோனியா அதற்கு உரம்.